மைதானம் கட்டிய ராஜா

1956-ம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ந் தேதி.

அன்று குலசேகரம் ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மலை இருந்த இடத்தில் இருந்தது. கோதையாறு வழக்கம்போல ஓடியது. ரப்பர் மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் வழக்கம்போலத் தொங்கின. ஆனால் முந்தைய நாள் இரவு வரையில் திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்த ஊர், பொழுது விடிந்தபோது சென்னை ராஜ்யத்தில் இருந்தது.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. குலசேகரம் அப்போது கல்குளம் தாலுகாவில் இருந்தது. தாய்த் தமிழகத்துடன் சேரவேண்டும் என்று பல ஆண்டுகள் போராடிய மக்களுக்கு அது பெரிய திருநாள்.

எல்லை மாறினால் என்னென்ன மாறும்? கோர்ட்டு மாறும். பள்ளிக்கூடப் பாடப் புத்தகம் மாறும். வரி கட்டும் கச்சேரி மாறும். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் மாறும். அதை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. பந்து விளையாடுகிறவனின் அணி மாறிவிடும்!

கிராமத்தில் ஒரு பையன் நன்றாகப் பந்து உதைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஊர் அணியில் ஆடுவான். அங்கிருந்து ஜில்லா அணி. ஜில்லாவிலிருந்து ராஜ்ய அணி. ராஜ்ய அணியில் இடம் கிடைத்தால்தான் இந்தியா முழுவதும் அவனைப் பார்க்கும். இந்தப் படிகளைக் கட்டி, பூட்டும் சாவியும் வைத்திருப்பது ராஜ்ய விளையாட்டுச் சங்கம். சங்கத்தின் கதவு எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊருக்குத்தான் பையன் போயாகவேண்டும்.

குலசேகரத்துப் பையனுக்கு அதுவரை அந்தக் கதவு திருவனந்தபுரத்தில் இருந்தது. தூரம் சுமார் 55 கிலோமீட்டர். நவம்பர் 1-ந் தேதியிலிருந்து அது சென்னையில். தூரம் 700 கிலோமீட்டருக்கும் மேல்.

திருவனந்தபுரத்தில் அந்தக் கதவை வைத்தவர் ஓர் அரண்மனைக்காரர். பெயர் கோதவர்ம ராஜா. ஜி.வி.ராஜா என்றால் கேரளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டிலும் நன்றாகத் தெரிந்த பெயர்தான்.

பாண்டியர் வழி

கோட்டயத்துக்குக் கிழக்கே, மீனச்சில் ஆற்றின் கரையில் பூஞ்ஞாறு என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய அரச குடும்பம். தங்கள் முன்னோர் மதுரைப் பாண்டியர் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். மானவிக்கிரம குலசேகரப் பெருமாள் என்ற பாண்டியர் மதுரையை விட்டு மலை ஏறி வந்தார் என்பது அவர்கள் வீட்டு வரலாறு. மதுரையை மறக்காமல் மீனாட்சி அம்மனுக்கும் அங்கே கோயில் வைத்திருக்கிறார்கள்.

குலசேகரப் பெருமாள் என்பது திருவாங்கூர் மன்னர்களின் பட்டப் பெயரும் ஆகும். கல்குளம் சீமையில் உள்ள குலசேகரம் ஊருக்கும் அதே பெயர்.

மூணாறு மலைகள் ஒரு காலத்தில் பூஞ்ஞாற்று ராஜாக்களுக்குச் சொந்தமாக இருந்தவை. 1877-ம் ஆண்டு மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு அவற்றைக் குத்தகைக்கு விட்டார்கள். பிறகு அங்கே தேயிலை வந்தது. தேயிலையோடு தமிழ்த் தொழிலாளர்களும் வந்தார்கள். தோட்டத் துரைமார்கள் தங்களுக்கென்று கிளப் வைத்துக்கொண்டு டென்னிஸ், கோல்ப், ரக்பி என்று விளையாடினார்கள். கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த மைதானத்தில் வேலை இல்லை. விளையாட்டு என்பது அந்த நாளில் வேலி போட்ட பொருள்.

இந்தப் பூஞ்ஞாற்றுக் குடும்பத்தில் 1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ந் தேதி கோதவர்மா பிறந்தார். அவர் தாய் அரச குடும்பத்துப் பெண். தந்தை நம்பூதிரி. வாலிபத்தில் டாக்டராக வேண்டும் என்று சென்னைக்குப் படிக்கப் போனார்.

டாக்டர் ஆகவில்லை. கல்யாணம் குறுக்கே வந்தது. சாதாரணக் கல்யாணம் அல்ல!

ராணியின் கணவர்

அப்போது திருவாங்கூரை ஆண்டவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. இளைஞர். அவருக்கு ஒரே தங்கை. பெயர் கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாய். 1934-ம் ஆண்டு கோதவர்மாவுக்கும் லட்சுமி பாய்க்கும் திருமணம் நடந்தது.

மன்னரின் தங்கையைக் கட்டியவர் என்றால் பெரிய அதிகாரம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை.

திருவாங்கூர் அரச குடும்பம் மருமக்கள்வழிக் குடும்பம். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் ஒரு காலத்தில் இதே முறைதான் இருந்தது. ஆகையால் இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மன்னருக்குப் பின் மன்னரின் மகன் பட்டத்துக்கு வரமாட்டான். தம்பி வருவார். அல்லது சகோதரியின் மகன் வருவான். குடும்பம் பெண் வழியாகப் போகும். பெண்ணைக் கட்டியவர் அரண்மனையில் இருப்பார். அவர் பிள்ளைகள் ராஜகுமாரர்கள் ஆவார்கள். அவருக்கு மட்டும் பட்டம் இல்லை, பங்கும் இல்லை.

கோதவர்மாவின் நிலைமையும் அதுதான். மகன் பிறந்தால் ஒரு நாள் மகாராஜா ஆகலாம். தந்தை ஆக முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் இருந்தவர்கள் வேட்டை, விருந்து என்று காலம் கழித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கோதவர்மாவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. சமஸ்தான ராணுவத்தில் சேர்ந்து லெப்டினன்ட் கர்னல் ஆனார். டென்னிஸ் ஆடினார். கிரிக்கெட் ஆடினார். விமானம் ஓட்டினார்.

ஆகாயத்தில் வந்த அஞ்சல்

விமானம் என்பது அப்போது அதிசயப் பொருள். வயலில் நிற்கிறவர்கள் சத்தம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

திருவனந்தபுரத்தில் சங்குமுகம் கடற்கரைக்குப் பக்கத்தில் விமான நிலையம் அமைந்ததில் கோதவர்ம ராஜாவின் முயற்சி பெரியது. 1935-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி டாட்டா கம்பெனியின் சிறிய விமானம் ஒன்று அங்கிருந்து பம்பாய்க்குத் தபால் சுமந்துகொண்டு பறந்தது.

தபால் என்று எழுதுகிறோம். திருவாங்கூரில் அதற்கு அப்போதே அஞ்சல் என்றுதான் பெயர். அஞ்சல் ஆபீஸ், அஞ்சல் பெட்டி, அஞ்சல்காரன். தமிழ்நாடு முழுவதும் இன்று வழங்கும் இந்தச் சொல் நாஞ்சில் நாட்டுக் கிழவிகளுக்குப் புதிதல்ல.

விமானம் ஓட்டப் பழக்கும் கிளப் ஒன்றையும் ராஜா திருவனந்தபுரத்தில் நிறுவினார். விமானத்தின்மேல் அவருக்கு இருந்த பிரியம் கடைசி வரை குறையவில்லை.

மாணவர் படை

1938-ம் ஆண்டு திருவனந்தபுரம் டென்னிஸ் கிளப்பை ராஜா தொடங்கினார். நல்ல கிளப். ஆனால் அது பெரிய உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் வரும் இடம். வெள்ளை உடுப்பும் பந்து மட்டையும் வாங்க வசதி உள்ளவனுக்குத்தான் டென்னிஸ். இதோடு அவர் நின்றிருந்தால் அவர் வாழ்க்கையை எழுத வேண்டிய அவசியமே இருக்காது.

1937-ல் திருவாங்கூருக்கு ஒரு சர்வகலாசாலை கிடைத்தது. திவான் சர்.சி.பி.ராமசாமி ஐயர் காலம் அது. சர்வகலாசாலையில் மாணவர்களைக் கொண்டு உழைப்புப் படை ஒன்று அமைத்தார்கள். பிற்காலத்தில் வந்த தேசிய மாணவர் படைக்கு அது முன்னோடி போன்றது. அந்தப் படையின் பொறுப்பு கோதவர்ம ராஜாவுக்கு வந்தது.

அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு மைதானம் அமைத்தார். 1940-ல் உருவான சர்வகலாசாலை ஸ்டேடியம் அதுதான். திருவனந்தபுரத்தின் நடுவில் இன்றும் இருக்கிறது.

மன்னர்கள் கோயில் கட்டினார்கள். அணை கட்டினார்கள். குலசேகரத்துக்கு மேலே பேச்சிப்பாறை அணை 1906-ல் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் முடிந்தது. அதைக் கட்டிய என்ஜினீயர் மிஞ்சினின் சமாதி அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அணையின் பயன் கண்ணுக்குத் தெரியும். தோவாளை வரை வயல் பச்சையாக இருக்கும். மைதானத்தின் பயன் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. வெறும் மண்ணும் புல்லும். யுத்த காலத்தில் அரிசிக்கே பஞ்சம் வந்த ஊரில் புல்தரைக்கு இத்தனை பாடு எதற்கு என்று எண்ணியவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? அந்த எண்ணத்தையும் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் மைதானம் நிலைத்தது. பின்னாளில் சர்வதேச கிரிக்கெட்டும் அங்கே நடந்தது. 1988-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த ஒரு நாள் ஆட்டத்தில் சென்னை வீரர் ஸ்ரீகாந்த் 101 ரன் அடித்தது இந்த மைதானத்தில்தான். ஆட்டத்தில் இந்தியா தோற்றுவிட்டது. அது வேறு விஷயம்.

அரண்மனையில் துக்கம்

இதற்கிடையில் ராஜாவின் வீட்டில் ஓர் இடி விழுந்தது.

அவருடைய மூத்த மகன் அவிட்டம் திருநாள் ராமவர்மா. மகாராஜா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகையால் தங்கையின் மகனான இந்தக் குழந்தை பட்டத்துக்கு வரிசையில் இருந்தவன். குழந்தைக்கு உடம்புக்கு வந்தது. 1944-ல் இறந்துபோனான். வயது ஆறு.

அரண்மனை வைத்தியம், வெளியூர் டாக்டர், எதற்கும் குறைவு இருந்திருக்காது. அப்படிப்பட்ட வீட்டிலேயே குழந்தை போய்விட்டது. சாதாரணக் குடும்பத்தின் கதி என்ன?

குழந்தையின் பெயரால் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. 1952-ல் திறந்தார்கள். அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரி என்று பெயர். எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி என்று சொன்னால் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் எல்லோருக்கும் தெரியும். தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரி. எல்லை பிரிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆனபிறகும், கன்னியாகுமரி மாவட்டத்துத் தாய்மார்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போகும் இடம் அது.

டாக்டர் படிப்பை விட்டுவிட்டு வந்தவரின் மகன் பெயரில் ஆஸ்பத்திரி வந்தது!

ராஜ்யம் போயிற்று

1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. திருவாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் அறிவித்தார். ஜூலை மாதம் அவரை வெட்டினார்கள். உயிர் தப்பினார். திருவாங்கூர் இந்தியாவுடன் சேர்ந்தது. 1949-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி திருவாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யம் ஆயின. மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். 1956 நவம்பரில் அந்தப் பதவியும் முடிந்தது.

இந்தியா முழுவதும் சமஸ்தானங்கள் போய்க்கொண்டிருந்த காலம். சில ராஜாக்கள் மனம் கசந்து அரண்மனைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் வெளிநாடு போனார்கள். சிலர் குதிரைப் பந்தயத்தில் சொத்தைத் தொலைத்தார்கள்.

கோதவர்ம ராஜாவுக்குத் தொடக்கத்திலிருந்தே சிம்மாசனம் இல்லை. எனவே இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. அரசாங்கம் யார் கையில் இருந்தாலும் அவர் வேலை நடந்தது.

1950-ஐ ஒட்டி திருவாங்கூர்-கொச்சிக்குக் கிரிக்கெட் சங்கம் அமைந்தது. அதற்கு அவர் தலைமை. 1951-52-ல் அந்த அணி முதல் தடவையாக ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் இறங்கியது. சென்னையும் மைசூரும் பழம் தின்று கொட்டை போட்ட அணிகள். புது அணிக்குத் தோல்விகளே அதிகம். அதனால் என்ன? பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் அடுத்த ஆண்டும் தோற்கலாம். பத்து ஆண்டு தோற்றால்தான் பதினோராவது ஆண்டு ஜெயிக்கலாம்.

1954-ல் அவர் எல்லாவற்றிலும் பெரிய வேலையைச் செய்தார். திரு-கொச்சி ஸ்போர்ட்ஸ் கவுன்சில் பிறந்தது. அகில இந்திய ஸ்போர்ட்ஸ் கவுன்சிலை டில்லி சர்க்கார் அமைத்ததும் அதே ஆண்டுதான்.

கவுன்சில் என்றால் என்ன? அதுவரை ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சங்கம். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பெரிய மனிதர். அவர் கையில் பணம் இருந்தால் அணி வெளியூர் போகும். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும். கவுன்சில் வந்தபிறகு எல்லாச் சங்கங்களும் ஒரே பந்தலின்கீழ் வந்தன. சர்க்கார் பணம் அதன் வழியாக வந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள், ஜில்லா தோறும் கிளை, பள்ளி மாணவருக்குப் பந்தயம் என்று வேலை பரவியது. விளையாட்டு பெரிய மனிதர் தயவில் நடக்கும் பொழுதுபோக்காக இருந்த நாள் மாறத் தொடங்கியது. அதைச் செய்தவரும் ஒரு பெரிய மனிதர்தான் என்பது வேடிக்கை.

கவுன்சிலின் முதல் தலைவர் கோதவர்ம ராஜா. சாகும் வரையில் அவரே தலைவர்.

எல்லைக்கு இப்பால்

கவுன்சில் பிறந்த அதே 1954-ம் ஆண்டை நாஞ்சில் நாட்டு மக்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. தமிழகத்துடன் சேரவேண்டும் என்று கேட்ட தமிழர்கள் மாண்டார்கள். மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் உச்சக் கட்டம் அது. குண்டடி பட்ட வீட்டில் ஸ்போர்ட்ஸ் கவுன்சிலைப் பற்றி யார் பேசியிருக்கப் போகிறார்கள்?

இரண்டு ஆண்டில் எல்லை பிரிந்தது. தெற்கே நான்கு தாலுகாக்கள் போயின. வடக்கே மலபார் வந்து சேர்ந்தது. கேரளம் உண்டாயிற்று. திரு-கொச்சி ஸ்போர்ட்ஸ் கவுன்சில், கேரள ஸ்போர்ட்ஸ் கவுன்சில் ஆனது. கிரிக்கெட் அணி மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்தது. 1957-58-ல்தான் அது கேரளம் என்ற பெயரில் ரஞ்சிப் போட்டிக்கு வந்தது. அத்துடன் திருவாங்கூர்-கொச்சி என்ற பெயர் ஆட்டக்களத்திலிருந்தும் மறைந்தது.

இந்தப் பிரிவில் கன்னியாகுமரி மாவட்டம் அடைந்ததும் உண்டு, இழந்ததும் உண்டு. மொழிக்காகக் கேட்டது கிடைத்தது. அது பெரியது. ஆனால் பக்கத்தில் இருந்த மைதானம் அயல் ராஜ்யத்து மைதானம் ஆகிவிட்டது. புதிய தலைநகரமோ இரண்டு நாள் பிரயாணம். போய்த் திரும்பக் கையில் காசு வேண்டும். தங்க இடம் வேண்டும். எத்தனை கால்கள் குலசேகரத்திலும் திருவட்டாறிலும் அருமனையிலும் ஊர் மைதானத்தோடு நின்றுபோயின என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

மேலைக் கடற்கரையில் இதை இன்றும் பார்க்கலாம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக மீனவர் ஊர்கள். நீரோடியோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ஊர் பொழியூர் கேரளம். எல்லா ஊரிலும் கால்பந்துப் பைத்தியம். ஒரே கடல், ஒரே மணல், ஒரே பந்து. ஆனால் நீரோடிப் பையன் தேறினால் தமிழ்நாட்டுக்கு ஆடுவான். பொழியூர்ப் பையன் தேறினால் கேரளத்துக்கு ஆடுவான்.

டென்னிஸ் ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது 1937-ல் நாகர்கோவிலில். அப்போது அது திருவாங்கூர். 1954-ல் விம்பிள்டனில் இளைஞர் பட்டம் வென்றார். 1960-லும் 61-லும் அங்கே பெரியவர்கள் ஆட்டத்தில் அரை இறுதி வரை போனார். அவர் சிறு வயதிலேயே வேறு ஊர்களில் வளர்ந்தவர். தந்தையே டென்னிஸ் ஆட்டக்காரர். எல்லோருக்கும் அப்படித் தந்தை கிடைப்பதில்லை. மற்றவர்களுக்குச் சங்கம்தான் தந்தை.

கோவளத்தில் ஒரு கனவு

புதிய கேரளத்தில் ராஜாவின் வேலை குறையவில்லை. இந்தியக் கிரிக்கெட் போர்டின் உப தலைவராக இருந்தார். அகில இந்திய டென்னிஸ் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். வெளி ராஜ்யங்களில் கேரளத்துக்கு விளையாட்டில் பெயர் இல்லாத காலத்தில், கூட்டங்களில் கேரளத்துக்காக எழுந்து பேச ஓர் ஆள் இருந்தார் என்பது சின்ன விஷயம் அல்ல.

இன்னொரு யோசனையும் அவர் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கோவளம் என்ற மீனவர் ஊர். பாறையும் தென்னையும் நீலக் கடலும். அழகைப் பார்க்க உலகத்தின் அந்த மூலையிலிருந்து ஆட்கள் வருவார்கள், வந்தால் ஊரில் பணம் புழங்கும் என்று அவர் நம்பினார். சுற்றுலா என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது. தாமஸ் குக் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கேரளத்துக்கு அழைத்தார். சுற்றுலாவுக்கென்று ஓர் அமைப்பையும் தொடங்கினார். இன்று கோவளம் உலகத்துக்கே தெரிந்த ஊர். கேரளச் சுற்றுலாவின் தந்தை என்று அவரைச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அவருக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்த மகன் போனபிறகு 1949-ல் இன்னொரு மகன் பிறந்தான். மூலம் திருநாள் ராமவர்மா என்று பெயர். 2013-ல் உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்மா காலமானபோது, திருவாங்கூர் அரச குடும்பத்தின் தலைமை இந்த மகனுக்கு வந்தது. ஆளுவதற்கு ராஜ்யம் இல்லை. பத்மநாபசுவாமிக்குத் தொண்டு செய்யும் உரிமை மட்டும் இருந்தது. ஆனாலும் தந்தைக்குக் கிடைக்க முடியாத இடம், மருமக்கள்வழி முறைப்படி மகனுக்குக் கிடைத்துவிட்டது.

குலு மலையில்

1971-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ராஜாவுக்கு 62 வயது. இமயமலைப் பக்கம் போயிருந்தார். இமாசலப் பிரதேசத்தில் குலு பள்ளத்தாக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் உயர்ந்த மலை. நடுவில் பியாஸ் நதி.

30-ந் தேதி அவர் சென்ற விமானம் அந்தப் பள்ளத்தாக்கில் விழுந்து நொறுங்கியது. கோதவர்ம ராஜா மாண்டார்.

கடற்கரையில் விமான நிலையம் அமையப் பாடுபட்டவர், விமானம் ஓட்டப் பழக்கியவர், கடலிலிருந்து அத்தனை தூரத்தில் பனிமலை அடிவாரத்தில் விமானத்திலேயே முடிந்துபோனார். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய அரசியல் சட்டத்தைத் திருத்தி, ராஜாக்களுக்குக் கொடுத்து வந்த மானியத்தை நிறுத்தினார்கள். பழைய ராஜாக்களின் காலம் சட்டப்படியும் முடிந்தது.

பிறகு

அவர் பிறந்த அக்டோபர் 13-ந் தேதியைக் கேரளம் விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. சிறந்த ஆட்டக்காரர்களுக்குத் தரும் விருது அவர் பெயரில் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் மைலம் என்ற ஊரில் அவர் பெயரால் விளையாட்டுப் பள்ளிக்கூடம் நடக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, படிப்பும் படித்து ஓட்டமும் பழகுகிறார்கள்.

இந்த மாதிரி இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1976-ல் கேரள சர்க்கார் கண்ணூரில் பெண்களுக்கென்று ஒரு விளையாட்டு விடுதி தொடங்கியது. அங்கே ஒரு மெலிந்த சிறுமி சேர்ந்தாள். மாதம் 250 ரூபாய் உதவித் தொகை. பெயர் பி.டி.உஷா. எட்டு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா நாலாவதாக வந்தார். வெண்கலப் பதக்கம் ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கில் தவறிப் போயிற்று.

கிரிக்கெட்டில் கேரளம் பொறுமையாகக் காத்திருந்தது. 2025-ம் ஆண்டு முதல் தடவையாக ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. நாகபுரியில் விதர்ப்பா அணியுடன் ஆட்டம் டிராவாக முடிந்தது. முதல் இன்னிங்சில் முன்னணியில் இருந்ததால் கோப்பை விதர்ப்பாவுக்குப் போயிற்று.

கால்பந்தில் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ராஜ்யங்களுக்கு இடையே நடக்கும் பெரிய போட்டி சந்தோஷ் டிராபி. வங்காளம்தான் அதை அதிகம் வென்றது. கேரளம் ஒரு தடவைகூட வென்றதில்லை. 1973-ல் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. கேரள அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் தஞ்சாவூர்த் தமிழர். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய சைமன் சுந்தரராஜ்.

டிசம்பர் 27-ந் தேதி மகாராஜா கல்லூரி மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரே ரெயில்வே அணி. கேரளத்தின் கேப்டன் மணி ஒருவரே மூன்று கோல் போட்டார். ரெயில்வே இரண்டு கோல். கேரளம் கோப்பையை வாங்கியது.

கோதவர்ம ராஜா இறந்து அப்போது இரண்டு ஆண்டும் எட்டு மாதமும் ஆகியிருந்தது.